அக்காவுக்காக ஒரு சதவீதம்

வேற்று நாட்டுத் தெருவில் சொந்த அக்காவின் கண்ணில் படாமல் நடப்பது எப்படி என்று எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித் தருவதில்லை. நானாக முயன்று கற்றுக்கொண்டேன், நானாகவே தோற்றும் போனேன்.

எங்கள் ஊர் முடிகிற இடத்தில் ஒரு பாலம். பாலத்தின் அந்தக் கோடியில் வேறு நாடு. நடுவில் ஓர் ஆறு, இரண்டு கொடிக்கம்பங்கள், பாஸ்போர்ட்டையும் நம் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இரண்டின் மீதும் நம்பிக்கை வராத ஓர் அதிகாரி, அவ்வளவுதான் தூரம். அக்கா கல்யாணமாகிப் போனது அந்தக் கரைக்கு. எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நான் துணி காயப்போட்டால் அவளுக்கு அங்கிருந்து தெரிய வாய்ப்பில்லை. ஆனாலும் தெரிந்த மாதிரியேதான் பேசுவாள்.

அன்று நான் போனது அலுவலக வேலையாக. பேருந்து ஊழியர் ஓய்வூதிய நிதியில் நான் முதலீட்டு அதிகாரி. ஓட்டுநர்களிடமும் நடத்துநர்களிடமும் மாதாமாதம் பிடிக்கிற பணத்தை, அவர்கள் வேலையை விட்டு இறங்கும்வரை எங்கேயாவது போட்டு வளர்க்க வேண்டும். இதை அக்கா, "அடுத்தவன் காசை வட்டிக்கு விடுற பொழப்பு" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவாள். என்னை அவள் கூப்பிடுவதே 'வட்டி' என்றுதான்.

அக்கா ஊர்க் குடிநீர் நிறுவனம் கடன் பத்திரம் வெளியிட்டிருந்தது. ஏழு வருடக் கெடு, எட்டு சதவீத வட்டி. அந்தப் பணத்தில் மேட்டுத்தெருவுக்குப் புதுக் குழாயும் ஒரு மேல்நிலைத் தொட்டியும் வரும். பத்திரங்களில் பாதி போல விற்றுவிட்டன. மிச்சத்தை எங்கள் நிதி வாங்கினால் உண்டு. மாதம் முடிவதற்குள் விற்காவிட்டால் வெளியீட்டையே சுருட்டிவிடுவார்கள். மேட்டுத்தெரு இன்னும் எத்தனை வருடம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்குமோ தெரியாது. அக்கா வீடு மேட்டுத்தெருவில்தான், மூன்றாவது மாடி.

கடன் கொடுக்குமுன் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அப்படிப் போகிறவர் அந்த ஊரில் உறவினரோடு பேசக் கூடாது, அவர்கள் வீட்டு வாசற்படி ஏறக் கூடாது, ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக் கூடாது என்பது விதி. எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர் மாமியார் வீட்டில் விருந்து சாப்பிட்டுவிட்டு வந்து ஒரு சிமெண்டு கம்பெனியின் பத்திரத்தை வாங்கினாராம். விருந்து ஜீரணமாகிவிட்டது. சிமெண்டு இன்னும் ஆகவில்லை.

இன்னொரு விதியும் உண்டு. கடன் கேட்கிற இடத்தில் உறவு இருந்தால் எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிட வேண்டும். அக்கா அந்தத் தெருவில் இருப்பதையும், அத்தான் அந்தக் குடிநீர் நிறுவனத்திலேயே பொறியாளர் என்பதையும் நான் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் நான் ஒதுங்கினால் கோப்பு மேசைக்கு மேசை படுத்துத் தூங்கி மாதம் முடிந்துவிடும். தவிரவும், என்னைப் போன்ற நியாயவானைப் பாசம் என்ன செய்துவிட முடியும் என்று எனக்கு என் மேல் ஓர் அபிப்பிராயம் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

நீரேற்று நிலையம், வடிகட்டும் தொட்டிகள் எல்லாம் பார்த்தாயிற்று. குழாய் போகப்போகும் வழியையும் பார்த்துவிடலாம் என்று நிறுவனத்து ஆள் என்னை மேட்டுத்தெருவுக்கே அழைத்துப் போனார். தொப்பியைப் புருவம்வரை இழுத்துக்கொண்டேன். கறுப்புக் கண்ணாடி வேறு. சந்தேகப்படும்படி இருக்கக் கூடாது என்று நினைப்பவன் செய்கிற எல்லாவற்றையும் செய்துகொண்டு நடந்தேன்.

"டேய் வட்டி!"

இரண்டு கையிலும் வாளியோடு படிக்கட்டு வாசலில் நின்றிருந்தாள்.

நான் நடந்தேன். கூப்பிட்ட பெயருக்குத் திரும்பாமல் நடக்கிறவனின் பிடரி எவ்வளவு பொய் சொல்லும் என்று அன்றுதான் தெரிந்தது.

"உன்னைத்தான்டா! அந்தத் தொப்பியே நான் வாங்கிக் குடுத்தது!"

நிறுவனத்து ஆள் நின்றுவிட்டார். "சார், உங்களையா கூப்பிடறாங்க?"

"என்னையா? இருக்காதே. எனக்கு இந்த ஊர்ல யாரையும் தெரியாதுங்க."

முதுகுக்குப் பின்னால், அக்கா கீழ்வீட்டு அம்மாளிடம் சொல்வது தெளிவாகக் கேட்டது. "என் தம்பிதான். ஆனா இன்னைக்கு இல்லையாம்."

சாயங்காலம் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் போன் செய்தேன்.

"நான்தான்க்கா."

"எந்த நான்? எனக்கு அந்தக் கரையில யாரையும் தெரியாதே."

"அக்கா, விதி அப்படிக்கா. பேசக் கூடாது."

"ஒரு கையில வாளியை வாங்கிக்கக் கூடாதுன்னும் விதியில போட்டிருக்கா? மூட்டு டாக்டர் படியே ஏறக் கூடாதுங்கறாரு. தண்ணி மூணாவது மாடிக்கு ஏற மாட்டேங்குது. ரெண்டுல ஒண்ணு ஏறித்தானே ஆகணும், நான் ஏறறேன்."

அக்கா அதோடு விடவில்லை. குடிநீர் நிறுவனத்தின் மீதிருந்த கோபத்தையெல்லாம் கொட்டினாள்.

"போன மாசம் பில் கட்ட ஒரு நாள் தள்ளிப் போச்சுடா. ஒரே ஒரு நாள். மறுநாள் காலையில வந்து கீழ இருக்கிற குழாயையும் மூடிட்டுப் போயிட்டாங்க. மூடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது யாருங்கற? உங்க அத்தான்! போட்டுட்டு வீட்டுக்கு வந்து, குளிக்கத் தண்ணி எங்கேங்கறாரு!"

சிரிப்பை அடக்க நான் பட்ட பாட்டை வேறு எதிலாவது பட்டிருந்தால் இந்நேரம் பதவி உயர்வு வந்திருக்கும். இதெல்லாம் குடும்பச் சமாச்சாரம், ஆய்வில் கலக்கக் கூடாது என்று அந்தக் கதையை மனதில் ஓர் ஓரமாகத் தள்ளி வைத்தேன்.

"நான் உன்கிட்ட எதையும் கேக்கல. தண்ணி வருமா வராதா, அதை மட்டும் சொல்லு."

"அது குழு முடிவு பண்ணணும்க்கா. நானும் இன்னும் ரெண்டு பேரும்."

"அப்போ மூணுல ஒரு பங்கு தண்ணியாவது வரும்ல?"

குழுவின் மற்ற இருவரைச் சொல்ல வேண்டும். தலைவி, பணிமனை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அலுவலகத்தில் அவருக்கு 'பிரேக் அம்மா' என்று பெயர். எந்தத் தீர்மானம் வேகம் எடுத்தாலும் காலை வைத்து ஓர் அழுத்து அழுத்துவார். மற்றவர் கணக்கர். அவரை நாங்கள் 'புள்ளி' என்போம். தசமப் புள்ளிக்கு அப்புறம் இரண்டு இலக்கம் இல்லாமல் அவர் வாயிலிருந்து எந்த எண்ணும் வராது. தலைவலி எப்படி இருக்கிறது என்று கேட்டால்கூட, "நேத்தைக்கு ரெண்டு புள்ளி ஐந்து பூஜ்யம் மடங்கு தேவலை" என்பார்.

முடிவெடுக்கும் முறை எளிது. எங்கள் அரசாங்கத்துப் பத்திரமே ஆறு சதவீதம் தருகிறது. அதில் பயம் இல்லை. வேறு யாருக்கும் கொடுப்பதென்றால், பயத்துக்கு ஏற்றபடி மேலே கொஞ்சம் கேட்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் அதற்குப் 'பய வட்டி' என்றே பெயர். மூவரும் ஒருவரோடொருவர் கலக்காமல், எவ்வளவு கிடைத்தால் கொடுக்கலாம் என்று ஆளுக்கு ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். சராசரி, அவர்கள் தருவதாகச் சொன்ன வட்டிக்குள் இருந்தால் வாங்குவோம். தாண்டினால் கிடையாது.

என் மனதில் இருந்த எண் ஏழரை. நல்ல நிறுவனம், ஒழுங்கான கணக்கு, பக்கத்து ஊர். ஒன்றரை சதவீதப் பயம் தாராளமாகப் போதும். ஆனால் வாய் திறக்கும் நேரத்தில் ஒரு சந்தேகம் வந்துவிட்டது. இந்த ஏழரையைச் சொல்வது என் மூளையா, அக்காவின் மூட்டா? நியாயவான் அல்லவா, பாசத்தைக் கழித்துவிட வேண்டும் என்று அக்காவுக்காக ஒரு சதவீதம் ஏற்றினேன்.

"எட்டரை" என்றேன்.

தலைவி என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். "எனக்கும் எட்டரை."

புள்ளி பேனா மூடியைத் திறந்தார், மூடினார். "எட்டு புள்ளி நான்கு பூஜ்யம்."

பத்திரம் தருவது எட்டு. சராசரி போட வேண்டிய அவசியமே இல்லை. இருந்தும் புள்ளி கால்குலேட்டரைத் தட்டினார். தட்டிவிட்டு, இயந்திரம் மனம் மாறியிருக்குமோ என்பது போல மறுபடி தட்டினார். தலைவி மேசையில் இருந்த தண்ணீரை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். "அப்போ... வேண்டாம்" என்றார். எதையாவது தடுத்து நிறுத்தினால் அவர் முகத்தில் ஒரு களை வரும். அன்று வரவில்லை. நான்தான் அதைக் கவனிக்கிற நிலைமையில் இல்லை. அக்காவிடம் என்ன சொல்வது என்று வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தேன்.

போனில் சொல்ல வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்த் திட்டு வாங்கிக்கொள்வது என்று எல்லைப் பேருந்தில் ஏறினேன். ஏறினால், நடைபாதையை அடைத்துக்கொண்டு சிவப்பாக ஒரு மூன்று சக்கரச் சைக்கிள். கைப்பிடியில் ரிப்பன். நடத்துநர் யாரிடமோ மன்றாடிக்கொண்டிருந்தார்.

"அம்மா, சக்கரம் வச்ச சாமானுக்குத் தனி டிக்கெட்டு எடுக்கணும்மா."

"யாருக்குச் சொல்ற? அந்த விதியைப் போட்டதே நான்தான்!"

"அதனாலதாம்மா தைரியமாக் கேக்கறேன்."

குரலைக் கேட்டு நான் தொப்பியை இழுக்கவும், தலைவி திரும்பவும் சரியாக இருந்தது. இரண்டு பேர் முகத்திலும் அசடு வழிந்தது.

"என்ன மேடம், இந்தப் பக்கம்?"

"சும்மா... காத்து வாங்கலாம்னு."

"சைக்கிள்லயா?"

அவர் சைக்கிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பக்கத்து இருக்கையைத் தட்டினார். உட்கார்ந்தேன். "பேத்திக்குப் பிறந்த நாள்" என்றார் மெதுவாக. "பொண்ணை அந்த ஊர்லதான் குடுத்திருக்கு. நீங்க?"

"அக்கா, மேடம். மேட்டுத்தெரு."

பேருந்து பாலத்தின் மேல் ஏறியது. ஆற்றைப் பார்த்தபடியே அவர் கேட்டார். "எட்டரைன்னு சொன்னீங்களே. உள்ளுக்குள்ள எவ்வளவு நினைச்சீங்க?"

"ஏழரை. அக்காவுக்காக ஒண்ணு ஏத்தினேன். பாசம் கண்ணை மறைச்சிடக் கூடாதுன்னு."

தலைவி நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "நானும் ஏழரைதான்யா. பேத்திக்காக ஒண்ணு ஏத்தினேன்."

எல்லைச் சாவடியில் இறங்கி வரிசையில் நின்றால், எங்களுக்கு இரண்டு ஆள் முன்னால் ஒருவர் கன்னத்தில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். சுவரில் பார்க்க எதுவும் இல்லை. தலைவி ஒரே ஒரு முறைதான் இருமினார்.

"புள்ளி சார்?"

புள்ளி திரும்பினார். பல் செட் கையில் ஒரு சின்ன டப்பாவில் இருந்தது. உடைந்துபோய்விட்டதாம். "என் தம்பி அந்த ஊர்ல பல் டாக்டர்" என்றார். பல் இல்லாத வாயில் கம்பீரம் தங்கவில்லை. "தம்பியாச்சேன்னு, புள்ளி ஒன்பது பூஜ்யம் ஏத்திட்டேன்."

"அப்போ நீங்களும் ஏழரையா?"

"ஏழு புள்ளி ஐந்து பூஜ்யம்."

மூன்று பேரும் வரிசையில் அப்படியே நின்றோம். மூவருக்கும் வாங்க ஆசை. மூவர் கணக்கிலும் வாங்கலாம். மூவரும் தனித்தனியாக, ரகசியமாக, தங்கள் நேர்மைக்குத் தாங்களே பரிசு கொடுத்துக்கொண்டு, ஒரு நல்ல பத்திரத்தைக் கூடி அமுக்கிவிட்டோம். தலைவி முதலில் சிரித்தார். புள்ளி கைக்குட்டைக்குள் சிரித்தார். நான் சிரிக்க வாயைத் திறந்தேன். மூன்றாவது மாடி ஞாபகம் வந்தது, மூடிக்கொண்டேன்.

ஜன்னலில் அதிகாரி கேட்டார். "மூணு பேருக்கும் பயண நோக்கம்?"

"உறவினரைப் பார்க்க" என்றார் தலைவி.

"அதானே. இந்தப் பாலத்துல வேற பதிலைக் கேட்டு வருஷக்கணக்காச்சு" என்று முத்திரையைக் குத்தினார்.

நாளை காலை நடந்ததையெல்லாம் எழுதி நிதியின் வக்கீலிடம் கொடுத்துவிடுவது என்று அங்கேயே பேசிக்கொண்டு, சைக்கிள் ஒரு பக்கமும் பல் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் பிரிந்தோம்.

அக்கா கதவைச் சங்கிலியோடு திறந்தாள். இடைவெளியில் ஒரு கண்.

"உறவினர் வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னு விதி இருக்கே?"

"ஆய்வு முடிஞ்சிடுச்சுக்கா."

"முடிஞ்சு?"

"வேண்டாம்னு முடிவாயிடுச்சு. நான்தான்க்கா... உன் மேல இருக்கிற பாசம் குறுக்க வந்துடக் கூடாதுன்னு, உனக்காக ஒரு சதவீதம் கூட்டிக் கேட்டேன்."

அந்த ஒற்றைக் கண் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தது. "அக்கான்னா உலகத்துல எல்லாரும் குறைப்பாங்கடா. காய்கறிக்காரன்கூட அக்கான்னு சொல்லிட்டு ஒரு பிடி சேத்துப் போடறான். கூடப் பொறந்த நீ ஒருத்தன்தான் ஏத்தியிருக்க."

சங்கிலி கழன்றது. உள்ளே வரச் சொல்வாள் என்று நினைத்தேன். வாளி இரண்டும்தான் வெளியே வந்தன.

ஏறினேன். இறங்கினேன். மறுபடி ஏறினேன். அத்தான் நாற்காலியில் உட்கார்ந்து மிகுந்த அனுதாபத்தோடு என்னைப் பார்த்தார். எழுந்திருக்கத்தான் மாட்டேன் என்கிறார். சமையலறைத் தொட்டி நிறைந்தபோது எனக்கு நாக்கு வறண்டிருந்தது. "கொஞ்சம் தண்ணி குடேன்க்கா."

"கீழ இருக்கு. எடுத்துட்டு வந்து குடி" என்றாள். ஆனால் சொல்லிக்கொண்டே தம்ளரை நீட்டிவிட்டாள். அவளால் அவ்வளவுதான் முடியும்.

"இனிமே ஒண்ணும் பண்ண முடியாதா?"

"ஒருத்தர் இருக்காரு. அவர் என்ன சொல்வாருன்னு தெரியல."

அந்த ஒருத்தர்தான் வக்கீல், குழுவின் மாற்று உறுப்பினர். சிரித்தால் அது சாட்சியமாகப் பதிவாகிவிடும் என்று அஞ்சுகிற முகம். கல்யாணம் இல்லை, கூடப் பிறந்தவர் இல்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் மட்டுமல்ல, எந்தப் பக்கமும் அவருக்கு உறவு கிடையாது. மறுநாள் காலை மூவரும் எழுதிக் கொடுத்ததை வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஆரம்பத்துலயே எழுதிக் குடுத்துட்டு ஒதுங்கியிருக்கணும். அதுக்கு மூணு பேருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வரும். நீங்க சொன்ன எண்கள் செல்லாது. விதிப்படி மிச்சம் இருக்கிற உறுப்பினர் நான் ஒருத்தன். நான்தான் முடிவு பண்ணணும்."

நாங்கள் எழுந்தோம்.

"உக்காருங்க. ஓட்டுப் போடத்தான் கூடாது. சாட்சி சொல்லலாம்." கண்ணாடியைத் துடைத்தார். "போன மாசம் ஒரு தூர தேசத்துப் பத்திரம் வாங்கினீங்களே. அந்த நாட்டுத் தலைநகரம் எது?"

நான் தலைவியைப் பார்த்தேன். தலைவி புள்ளியைப் பார்த்தார். புள்ளி கூரையைப் பார்த்தார்.

"கோப்புல இருக்கு சார்" என்றேன்.

"அவங்களுக்கு எவ்வளவு பய வட்டி போட்டீங்க?"

"அரை சதவீதம்."

"ஏன் அவ்வளவு கம்மி?"

"அங்க எங்களுக்கு யாருமே இல்ல சார். அதனால பாசம் கலக்க வழியில்ல."

வக்கீல் கண்ணாடியை மேசை மேல் வைத்தார். "ஆக, ஊரே தெரியாத இடத்துல அரை. வீடு வாசல் தெரிஞ்ச இடத்துல ரெண்டரை. பாசத்தைக் கழிக்கிறோம்னு நினைச்சு, தெரிஞ்ச விஷயத்தை எல்லாம் கழிச்சிருக்கீங்க."

வக்கீல் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டார்.

"இப்ப அந்தக் கம்பெனியைப் பத்தி உங்க வீட்டு ஆளுங்க என்ன குறை சொல்றாங்க? குறை மட்டும் சொல்லுங்க. புகழ்ச்சி எனக்கு வேண்டாம்."

ஓரமாகத் தள்ளி வைத்திருந்த குழாய்க் கதையை எடுத்து விட்டேன். ஒரு நாள் தாமதம், மறுநாள் இணைப்பு இல்லை, கையெழுத்துப் போட்டவர் வீட்டுக்காரர்.

"சொந்த வீட்டுக்கே போட்டாரா?"

"ஆமா சார்."

"உங்க அக்கா என்ன பண்ணாங்க?"

"ஒரு வாரம் அவரோட பேசல."

"பில்லு?"

"அன்னைக்கே கட்டிட்டாங்க."

வக்கீல் குறித்துக்கொண்டார். "நூத்துக்குத் தொண்ணூத்தேழு வீடு நாள் தவறாம கட்டுதுன்னு அவங்க ஆண்டறிக்கை சொல்லுது. அதுக்குப் பக்கத்துல 'நம்ப முடியவில்லை'ன்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க. இப்ப?"

"நம்பலாம் சார்" என்றேன். நம்புவதற்கான அந்தக் காரணத்தைத்தான் போனில் கேட்டுச் சிரிப்பை அடக்கியிருக்கிறேன்.

தலைவியின் மருமகன் ஒப்பந்தக்காரராம். "எப்பப் பார்த்தாலும் அவங்களைத் திட்டிட்டே இருப்பாரு. ஒரு காப்பிகூட வாங்கிக் குடுக்க முடியல, டெண்டர்ல குறைஞ்ச தொகை போட்டவனுக்குத்தான் வேலை, இவனுங்களோட எப்படித் தொழில் பண்றதுன்னு" என்றார் தலைவி. சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

புள்ளியிடம், "அவங்க நாட்டு நாணய மதிப்பு சரிஞ்சா நமக்கு நஷ்டம்தானே?" என்று கேட்டார் வக்கீல்.

"நிதிக்கு நஷ்டம்தான்" என்றார் புள்ளி. சரிசெய்த பல் கம்பீரத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தது. "ஆனா நம்ம ஓய்வூதியக்காரங்க பல்லு, கண்ணாடி, செருப்பு எல்லாம் அந்தக் கரையிலதான் வாங்கறாங்க. தம்பி கிளினிக்ல பாதி வாய் நம்ம டிப்போ வாய். அந்த நாணயம் சரிஞ்சா பென்ஷன் கொஞ்சம் இளைக்கும், பல்லும் மலிவாகும். ஓரளவு ஈடாயிடும்."

"நல்லது. இப்ப நான் ஒண்ணு கேக்கறேன். ரெண்டு ஊருக்கும் ஒரே ஆறு. வெள்ளம் வந்தா அவங்க நீரேற்று நிலையமும் முழுகும், நம்ம பணிமனையும் முழுகும். கஷ்டம் ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல வரும். அதுக்கு யாராவது பயந்தீங்களா?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அக்காவுக்குப் பயந்தோம், பேத்திக்குப் பயந்தோம், தம்பிக்குப் பயந்தோம். ஆற்றுக்குப் பயப்பட யாருக்கும் தோன்றவில்லை. தினமும் பார்க்கிற ஆறு.

வக்கீல் வெகுநேரம் எழுதினார். எனக்கு வாளியின் கைப்பிடி உள்ளங்கையில் இன்னும் எரிந்தது. கடைசியில் பேனாவை மூடினார்.

"வெள்ளத்துக்குன்னு தனியாச் சேத்து, ஏழே முக்கால்."

புள்ளி உதட்டுக்குள் முணுமுணுத்தார். "எட்டுக்குள்ள இருக்கு."

"அது எனக்கும் தெரியும். வாங்கலாம். ஆனா இந்தக் கோப்பு இனிமே என்கிட்ட இருக்கும். உங்க மூணு பேர் வாசனையும் இதுல படக் கூடாது."

தலைவிக்குச் சந்தோஷத்தில் கை கால் ஓடவில்லை. "சார், அடுத்த ஞாயித்துக்கிழமை நீங்க அந்தக் கரைக்கு வரணும். எங்க பொண்ணு வீட்டுல ஒரு வாய் டீயாவது..."

வக்கீல் நாற்காலியை விட்டு எழுந்தார். கோப்பை நெஞ்சோடு வைத்துக்கொண்டு ஒரு கணம் தயங்கினார். அந்தத் தயக்கத்தில், டீ குடிக்க அழைத்து அவருக்கு எத்தனை நாளாயிற்றோ என்று தோன்றியது. "ஏழு வருஷம் கழிச்சுப் பத்திரம் முதிரும். அசல் வந்து சேர்ந்த மறுநாள் கண்டிப்பா வரேன்" என்றார். "சர்க்கரை ஒண்ணரை ஸ்பூன்."

புள்ளிக்கு அந்த ஒன்றரையை ஒன்று புள்ளி ஐந்து பூஜ்யம் என்று திருத்த வேண்டும் போலிருந்தது. தலைவி காலை மிதித்துவிட்டார்.

மறு வருடம் ஒரு காலை அக்காவிடமிருந்து போன். எடுத்ததும், "பேசாம கேளு" என்றாள். பாத்திரத்தில் தண்ணீர் விழுகிற சத்தம். முதலில் கணீரென்று, பிறகு நிறைய நிறையக் கம்மிக்கொண்டு. பாத்திரம் வழிகிறவரை போனைக் குழாயடியிலேயே பிடித்திருந்தாள்.

"சமையல் ரூம் குழாய்டா" என்றாள். "வாளி ரெண்டையும் செடி வைக்கக் குடுத்துட்டேன்."

"மூட்டு?"

"அது கெடக்கு. இங்க பாரு, ஒரு சின்ன உதவி. தண்ணி பில்லுக்கு நாளைக்குக் கடைசி நாள். உங்க அத்தானுக்குச் சம்பளம் வர இன்னும் நாள் இருக்கு. ஒரு ரெண்டு நாள் பொறுத்துக்கச் சொல்லேன். பணம் குடுத்தவங்க நீங்கதானே."

"அக்கா, அவங்க உனக்கு ரெண்டு நாள் விட்டுக் குடுத்தாங்கன்னு தெரிஞ்சா, எங்க வக்கீல் அன்னைக்கே அந்தப் பத்திரத்தை வித்துடுவாரு."

"உங்க அத்தானும் இதையேதான்டா சொன்னாரு. உங்க ரெண்டு பேரையும் ஒரே குழாய்ல கட்டிப் போடணும்" என்று வைத்துவிட்டாள்.

அன்று அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பாலத்தைத் தாண்டினேன். குடிநீர் நிறுவனத்தின் கட்டணக் கவுண்டரில் நீளமான வரிசை. எல்லோர் முகத்திலும் நாளைக்குக் குழாய் மூடிவிடும் என்ற நல்ல பயம். எங்கள் பணம் பத்திரமான கையில் இருக்கிறது என்று எனக்குத் திருப்தியாக இருந்தது. என் முறை வந்ததும் அக்கா வீட்டு எண்ணைச் சொல்லிப் பணத்தை நீட்டினேன்.

கவுண்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்தார். "பேரு வேற இருக்கே. கட்டறவங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

பழக்கதோஷம், கை தொப்பிக்குப் போயிற்று. அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

"தம்பி" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. வரிசையில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள்.